சக்கரம் காட்டிக்கொடுக்கும்

1944 டிசம்பர் 21. பெல்ஜியத்தின் மல்மெடி ஊரைத் தாக்க வந்த ஜெர்மன் படையில் சில டாங்கிகள் அமெரிக்க வண்டிகளைப் போலவே இருந்தன. அதே பச்சை வண்ணம், வெள்ளை நட்சத்திரம், எம்-10 வண்டியின் சாயலில் கோபுரம். ஜெர்மன் அதிகாரி ஓட்டோ ஸ்கோர்செனியின் ஆட்கள் ஐந்து பாந்தர் டாங்கிகளுக்குத் தகரம் அடித்து அப்படி வேடம் கட்டியிருந்தார்கள். மேலே இத்தனையும் மாற்றியவர்களால் கீழே சக்கரத்தை மாற்ற முடியவில்லை. எம்-10க்குப் பக்கத்துக்கு ஆறு சிறிய சக்கரங்கள். இரண்டிரண்டாக, நடுவில் இடைவெளி விட்டு நிற்கும். பாந்தரின் பெரிய சக்கரங்களோ ஒன்றை ஒன்று பாதி மறைத்துக்கொண்டு நெருங்கியிருக்கும். அந்த வித்தியாசம் கண்ணில் பட்டால் வேடம் கலைந்துவிடும். படாவிட்டால் உயிர் போகும்.

அன்றைக்கு வண்டியை அடையாளம் காண்பது அப்படிப்பட்ட காரியம். புழுதிக்குள் ஓர் உருவம் தெரியும். நம்முடையதா, எதிரியுடையதா என்று சில நொடிகளில் முடிவெடுக்க வேண்டும். இதற்காகவே நிழலுருவம் அச்சிட்ட அட்டைகளைக் காட்டிக் காட்டிச் சிப்பாய்களைப் பழக்கினார்கள். பிரிட்டனில் விமானங்களை இனம் காண்பதற்குப் பொதுமக்களே சங்கம் வைத்துப் போட்டி நடத்தினார்கள். அவர்களுக்கென்று 1941 ஜனவரியில் 'தி ஏரோபிளேன் ஸ்பாட்டர்' என்ற பத்திரிகையே வந்தது. பழைய படத்தைப் பார்த்து வண்டியை இனம் காணும் இன்றைய விளையாட்டுக்கு வித்து அங்கேதான் விழுந்தது என்பேன்.

அட்டையில் படித்தது களத்தில் கைகொடுக்காமல் போனதும் உண்டு. நார்மண்டியில் நேச நாட்டு வீரர்கள் கண்ணில் பட்ட ஜெர்மன் டாங்கியையெல்லாம் 'டைகர்' என்றே சொன்னார்கள். பல தடவை அது பான்சர்-4 ஆகத்தான் இருந்தது. நீளக் குழலோடு, பக்கவாட்டில் கூடுதல் தகடும் மாட்டிய பான்சர்-4 தூரத்துப் பார்வைக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியும். அந்த வீரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சக்கரத்தை எண்ணிப் பார்க்கும் அவகாசம் அவர்களுக்கு யார் தந்தது? நேச நாடுகளின் பக்கமும் கண்கட்டு வேலை நடந்தது. அவர்களுடைய ஷெர்மன் ஃபயர்ஃபிளை டாங்கியின் நீண்ட குழலைக் கண்டால் ஜெர்மானியர்கள் அதைத்தான் முதலில் குறிவைப்பார்கள். அதனால் குழலின் முன்பாதிக்கு வெளிர் வண்ணம் பூசி, குட்டைக் குழல் போலத் தோன்றச் செய்தார்கள்.

இன்று அதே வண்டிகளை ஆர்வலர்கள் நிதானமாகப் பார்க்கிறார்கள். ஒருவர் பழைய படம் ஒன்றை எடுத்துவந்து, அதில் ஒரு மட்கார்டையோ அரைச் சக்கரத்தையோ மட்டும் காட்டுவார். சரியாகச் சொன்னவருக்கு அடுத்த படத்தைக் காட்டும் உரிமை. தப்பாகச் சொன்னவருக்கு ஏன் தப்பு என்று பொறுமையாக விளக்கம் கிடைக்கும். எந்த நாட்டு வண்டி என்பது அன்றைய கேள்வி. எந்தத் தொழிற்சாலை, எந்த ஆண்டு என்பது இன்றைய கேள்வி.

ஜீப்பையே எடுத்துக்கொள்வோம். போர்க்காலத்தில் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின. ஒன்றின் உதிரிபாகம் மற்றதற்குப் பொருந்தும். சாலையில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் முன்பக்கம் குனிந்து பாருங்கள். பம்பருக்குப் பின்னால், ரேடியேட்டருக்குக் கீழே, சேஸிஸின் இரு பக்கங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம் ஒன்று இருக்கும். அது உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்துவைத்த 'ப' போல இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு தன் போல்ட்டுகளின் தலையில்கூட 'எஃப்' எழுத்தைப் பொறித்துவைத்தது. கனடாவில் செய்த ராணுவ லாரிகளில் பின்னாளில் வந்தவற்றின் முன்கண்ணாடி, மேல்விளிம்பு முன்னுக்குத் தள்ளிச் சாய்ந்திருக்கும். கிரில் வலையில் சதுரக் கண்கள் என்றால் ஃபோர்டு, சாய்சதுரம் என்றால் செவர்லே.

இந்தக் கண் பழகிவிட்டால் சினிமாவும் தப்பாது. 1970இல் வந்த 'கெல்லீஸ் ஹீரோஸ்', 1998இல் வந்த 'சேவிங் பிரைவேட் ரயன்' இரண்டிலும் டைகராக நடித்தவை சோவியத் டி-34 டாங்கிகள். மேலே பெட்டி மாதிரி கட்டி மறைத்தாலும் கீழே ஐந்து பெரிய சக்கரங்கள் உண்மையைச் சொல்லிவிடும். 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிடிபட்டு, இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் இன்றும் ஓடும் நிலையில் இருக்கும் 'டைகர் 131', 2014இல் 'ஃபியூரி' படத்தில் வந்தபோதுதான் ஆர்வலர்களின் மனக்குறை தீர்ந்தது.

இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. போர்க்காலப் படங்கள் எத்தனையோ பெயரும் தேதியும் இல்லாமல் கிடக்கின்றன. பின்னால் நிற்கும் லாரி எந்த ஆண்டில் வந்த வகை என்று தெரிந்தால், படம் அதற்கு முன்னால் எடுத்ததாக இருக்க முடியாது என்று உறுதியாகச் சொல்லலாம். மட்கார்டில் உள்ள சின்னம் தெரிந்தால் எந்தப் படைப்பிரிவு என்றும் சொல்லலாம். கருப்புப் பூனை என்றால் பர்மாவில் போரிட்ட 17-வது இந்திய டிவிஷன். செங்கழுகு என்றால் வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் போரிட்ட 4-வது இந்திய டிவிஷன். அதில் மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் பிரிவைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள்.

உங்கள் தாத்தாவோ கொள்ளுத் தாத்தாவோ இரண்டாம் உலகப் போருக்குப் போயிருந்தால், வண்டியோடு நின்று எடுத்த படம் ஒன்று வீட்டுப் பெட்டியில் இருக்கக்கூடும். அதை ஸ்கேன் செய்யும்போது முகம் மட்டும் போதுமென்று ஓரங்களை வெட்டிவிடாதீர்கள். படத்தின் பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்துவையுங்கள்; பென்சில் குறிப்போ ஸ்டுடியோ முத்திரையோ அங்கே இருக்கலாம்.