புகைவாயிலின் காவல்

கம்பளையிலிருந்து புசல்லாவை, இறம்பொடை வழியாகத் தேயிலைத் தோட்டங்களினூடே ஏறும் மோட்டார்க் கார், ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவை அடைகின்றது. ஏற்றம் நீளுந்தோறும் எஞ்சினின் உழைப்பும் புகைக்குழாயின் வெப்பமும் மிகுகின்றன. எஞ்சினும் மனிபோல்ட் எனப்படும் கிளைக்குழாயும் பொருந்துமிடத்திற் புகை கசியாது காப்பது கஸ்கெற் என்னும் மெல்லிய தகடேயாம். உலோகம் வெப்பத்தால் விரிந்து குளிரால் சுருங்குவதால், நாளடைவில் நட்டுகள் தளரும், தகடும் கருகும்.

எஞ்சினை இயக்கியவுடன் எழும் 'டிக் டிக்' ஒலியும், பொருத்திற் படியும் கரிக்கோடும் கசிவின் அறிகுறிகள். சூடேறியதும் ஒலி அடங்கலாம். அதனாற் குறை நீங்கிற்றென்று கொள்ளலாகாது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது. குருதியின் ஈமோகுளோபினை ஒட்சிசனிலும் 200 மடங்குக்கு மேல் வலிதாகப் பற்றுவது. நுவரெலியாவின் வளியமுக்கமோ கடல்மட்டத்தினதில் ஐந்தில் நான்கு பங்களவே. குளிருக்கஞ்சிக் கண்ணாடிகளை மூடிச் செல்வோர்க்கு ஆபத்து இருமடங்காகின்றது. தலைவலியோ மயக்கமோ தோன்றின், எஞ்சினை நிறுத்தி வெளிக்காற்றை நாடுதல் வேண்டும்.

தகட்டை மாற்றுவோர் எஞ்சின் முற்றும் ஆறிய பின்னரே தொடங்குக. துருப்பிடித்த நட்டுகளை எண்ணெயில் ஊறவிட்டுக் கழற்றுக. பழைய வண்டிகளின் தகட்டிற் கல்நார் இருக்கலாமாதலின், அதனை உலர்நிலையிற் சுரண்டித் தூசெழுப்பலாகாது. பரப்புகளின் சமதளத்தை நேர்விளிம்பு வைத்துச் சோதித்து, புதுத் தகட்டையே இட்டு, நடுவிலிருந்து இருபுறமுமாகப் படிப்படியே முடுக்குக. ஒருபுறத்தை முதலில் இறுக்கிவிடின், மறுபுறம் மீண்டும் கசியும்.

சிறு தகடுதானே என்று அதனைப் புறக்கணித்தல் உயிரைப் புறக்கணித்தலாகும்.