சேவல் இறகுக்கு ஏமாறும் பாஸ் மீன்

1932-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் தேதி. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம். மழையில் நிலம் சேறாகிக் கிடந்ததால் அன்று வயல் வேலை நடக்கவில்லை. ஜார்ஜ் பெர்ரி என்ற ஏழை விவசாய இளைஞர் நண்பருடன் மாண்ட்கோமரி ஏரிக்கு மீன் பிடிக்கப் போனார். அவரிடம் இருந்தது மரத்தில் செய்த போலி மீன் ஒன்றுதான். அதைக் கவ்விய பாஸ் மீனின் எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 10 கிலோ. எடை போட்ட பிறகு அதை வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். அது உலக சாதனை. 77 ஆண்டுகள் கழித்து, 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் பிடிபட்ட ஒரு மீன்தான் அதற்குச் சமமாக வந்தது.

நம் ஊர்க் கொடுவா மீனை ஆங்கிலத்தில் 'சீ பாஸ்' என்பார்கள். இங்கே சொல்லும் பாஸ் அதுவல்ல. இது வட அமெரிக்காவின் நன்னீர் மீன். பெரிய வாய், பச்சை நிற முதுகு, பக்கவாட்டில் கரும்பட்டை. குணத்தில் நம் விராலைப் போன்றது. புதர், மரக்கட்டை, நீர்ப்பாசி ஓரத்தில் பதுங்கியிருந்து தவளை, சிறு மீன், நன்னீர் இறால் ஆகியவற்றைப் பாய்ந்து விழுங்கும்.

குட்டைக்குக் காவல்காரன்

அமெரிக்க விவசாயிகள் இந்த மீனை விளையாட்டுக்காக மட்டும் வளர்க்கவில்லை. 1930-களில் மண் அரிப்பைத் தடுக்கவும் கால்நடைகளுக்குத் தண்ணீர் தேக்கவும் அங்கே பண்ணைக் குட்டைகள் ஏராளமாக வெட்டப்பட்டன. அவற்றில் வீட்டுக்கு வேண்டிய மீனையும் வளர்க்க வழி கண்டவர்களில் முக்கியமானவர், அலபாமா மாநிலம் ஆபர்னில் ஆராய்ச்சி செய்த ஸ்விங்கிள் என்ற மீன்வள விஞ்ஞானி.

குட்டையில் புளூகில் என்னும் சிறு மீனை மட்டும் விட்டால் அது அளவில்லாமல் பெருகுகிறது. தீனி போதாமல் எல்லாமே விரல் நீளத்தில் குன்றிப்போகின்றன. பாஸ் மீனையும் சேர்த்து விட்டால் அது குஞ்சுகளைத் தின்று எண்ணிக்கையைக் குறைக்கிறது. மிஞ்சிய புளூகில் நன்றாகப் பருக்கிறது. உரமிட்ட குட்டையில் ஏக்கருக்கு 1000 புளூகில், 100 பாஸ் என்பது அங்கே வழக்கமான கணக்கு.

ஆகவே பாஸ் மீனை ஆசைக்குப் பிடித்துத் தீர்த்துவிட்டால் குட்டையே கெட்டுப்போகும். பயிரில் தீமை செய்யும் பூச்சியைத் தின்னும் நன்மைப் பூச்சியை மருந்தடித்துக் கொன்றால் என்ன ஆகும் என்பது நம் விவசாயிகளுக்குத் தெரியும். இதுவும் அப்படித்தான். அதனால் பிடித்த பாஸ் மீன்களில் பலவற்றை மறுபடியும் தண்ணீரில் விடுவார்கள். புழுவைப் போட்டால் மீன் முள்ளையும் சேர்த்து ஆழமாக விழுங்கிவிடும். விட்டாலும் பிழைப்பது கடினம். இறகில் கட்டிய போலிப் பூச்சியானால் முள் பெரும்பாலும் உதட்டோரத்தில்தான் மாட்டும்.

எந்த நேரத்துக்கு எந்தப் பூச்சி?

தூண்டில் முள்ளின் மேல் இறகு, மயிர், நூல் ஆகியவற்றைச் சுற்றி, மீன் தின்னும் உயிரைப் போலச் செய்வதே 'பிளை' எனப்படும் இறகுப் பூச்சி. இதற்கு எடை கிடையாது. எனவே தடித்த, கனமான தூண்டில் கயிற்றின் எடையாலேயே அதை வீச வேண்டும். கயிற்றின் நுனியில் இரண்டு மூன்று மீட்டர் தங்கூஸ் நரம்பு. அதன் முனையில் பூச்சி.

பூச்சியைத் தேர்ந்தெடுக்க மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, நேரம். விடியற்காலையிலும் மாலையிலும் பாஸ் கரையோரத்துக்கு வந்து மேலே பார்த்து இரை தேடும். அப்போது மிதக்கும் பூச்சி நல்லது. தக்கையில் செய்து முகப்பைக் குழித்துவிட்ட 'பாப்பர்' இழுக்கும்போது 'பொளக்' என்று சத்தமிடும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்னசி மாநிலத்துப் பெக்கின்பா என்பவர் இதைப் பரப்பினார். உச்சிவெயிலில் மீன் ஆழத்துக்குப் போய்விடும். அப்போது மூழ்கும் பூச்சி வேண்டும்.

இரண்டாவது, தண்ணீர். தெளிந்த நீரில் வெள்ளை, இளம்பச்சை போன்ற இயற்கை நிறம். கலங்கிய நீரில் கறுப்பு நிறமும் பெரிய உருவமும் வேண்டும். கலங்கிய நீரில் கறுப்பின் நிழலுருவம் மீனுக்கு எளிதில் தெரியும்.

மூன்றாவது, அங்கே மீன் எதைத் தின்கிறது என்பது. தவளை மிகுந்த பாசிக் குட்டைக்குத் தவளை உருவம். கூழாங்கல் தரையானால் இறால் உருவம். சிறு மீன் கூட்டம் தெரிந்தால் மீன் உருவம். 1980-களில் பென்சில்வேனியாவின் பாப் கிளௌசர் கட்டிய 'மின்னோ' இந்த வகை. முள்ளின் தலையில் ஈயக் கண் வைத்ததால் அது தலைகுப்புற இறங்கி, இழுத்தால் ஏறும்.

முள்ளின் அளவுக்கு எண் உண்டு. எண் கூடினால் முள் சிறிது. பாஸுக்கு 2, 4, 6 எண்கள் பொருந்தும். புளூகிலுக்கு 8, 10 போதும்.

கட்டும் முறை

புதிதாகக் கற்பவர்கள் முதலில் கட்டுவது 'உல்லி பக்கர்' என்ற பூச்சி. 1967-ல் பென்சில்வேனியாவில் ரசல் பிளெஸ்ஸிங் என்பவர் உருவாக்கியது. புழு, இறால், சிறு மீன் எதுவாகவும் மீனின் கண்ணுக்குத் தோன்றும்.

1. முள்ளின் வளைவைச் சிறு வைஸில் இறுக்குக. எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டால் பிடித்த மீனை எளிதில் விடலாம்.

2. மூழ்க வேண்டுமானால் முள்ளின் தண்டில் மெல்லிய ஈயக் கம்பியைப் பத்துச் சுற்று சுற்றுக. மேலே நூலைச் சுற்றி நெருக்கமாக மூடுக. வெறும் தண்டின் மேல் கட்டினால் எல்லாம் வழுக்கிச் சுழலும்.

3. வாலுக்கு வான்கோழியின் பஞ்சு இறகு. நீளம் தண்டின் நீளமே இருக்கட்டும். அதிகமானால் மீன் வாலை மட்டும் கடித்துவிட்டுப் போய்விடும்.

4. வால் கட்டிய இடத்திலேயே ஒரு சேவல் இறகின் நுனியையும், மெத்தென்ற பூநூலின் நுனியையும் கட்டுக. கட்டும் நூலை முள்ளின் காது வரை முன்னே கொண்டு வருக.

5. பூநூலை முன்னோக்கி நெருக்கமாகச் சுற்றிக் காதுக்குச் சற்று முன்பே முடித்துக் கட்டுக. பிறகு சேவல் இறகை இடைவெளி விட்டு ஐந்தாறு சுற்று சுற்றிக் கட்டுக.

6. தலையில் நூலை முடிச்சிட்டு அறுத்து, ஒரு துளி நகப்பூச்சு வைத்து உலரவிடுக.

எல்லாரும் செய்யும் தவறு, காது வரை நிரப்பிவிடுவது. அப்புறம் தங்கூஸ் நுழைய வழியிருக்காது. காதின் பின்னால் கொஞ்சம் இடம் விட்டே முடிக்க வேண்டும்.

மிதக்கும் பூச்சிக்கு மான் மயிர் சிறந்தது. இந்த மயிர் உள்ளே காற்றறைகள் கொண்டது, அதனால் மிதக்கும். ஒரு கற்றையைத் தண்டின் மேல் வைத்து நூலை இறுக்கினால் அது விசிறிபோல் விரிந்து தண்டைச் சுற்றிக்கொள்ளும். கற்றை கற்றையாக நெருக்கிக் கட்டிக் கத்தரியால் வெட்டித் தவளை உருவம் கொடுப்பார்கள். தக்கையைவிட இது மெத்தென்று இருப்பதால் மீன் உடனே துப்பிவிடாது.

வீசியவுடன் இழுக்கக் கூடாது. பூச்சி விழுந்த அலைவட்டம் அடங்கும் வரை காத்திருந்து, பிறகு மெல்ல ஒரு சுண்டு. மறுபடியும் காத்திருக்க வேண்டும். பாஸ் பாய்வது பெரும்பாலும் பூச்சி அசையாமல் கிடக்கும்போதுதான்.

நம் நாட்டு இறகு

இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. வெளிநாட்டுத் தூண்டில் கடைகளில் 'இந்தியன் கேப்' என்று விற்பது நம் நாட்டுச் சேவலின் கழுத்துத் தோல்தான். விலை குறைவு, நிறங்கள் பல. ஆனால் இறகு குட்டை. அமெரிக்காவில் இதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து நீண்ட இறகுச் சேவல்களை வளர்க்கிறார்கள்.

இதைக் கேட்டு இறகுக்காகச் சேவல் வளர்க்க அவசரப்பட வேண்டாம். 2011-ல் அமெரிக்கப் பெண்களிடம் கூந்தலில் சேவல் இறகு செருகும் மோகம் வந்தது. இறகு விலை பல மடங்கு ஏறியது. மீன் பிடிப்பவர்களுக்கே கிடைக்கவில்லை. மோகம் போனதும் அந்தக் கிராக்கியும் போயிற்று. மோகத்தை நம்பிக் கோழிக்கூடு கட்ட முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகில் மெழுகு வைத்ததுபோல் மஞ்சள் புள்ளிகள் இருக்கும். பூச்சிக்குக் கண் வைக்க வெளிநாட்டில் இதற்குப் பெரும் மதிப்பு. இந்த ஆசைக்காகவே முன்பு ஏராளமான காட்டுக்கோழிகள் கொல்லப்பட்டன. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடுவதும் விற்பதும் குற்றம். மலையடிவாரத் தோட்டங்களுக்கு யாராவது வந்து அந்த இறகுக்குப் பணம் தருவதாகச் சொன்னால் மறுத்துவிட வேண்டும்.

மீனை மட்டும் கொண்டுவராதீர்

1925-ல் ஜப்பானின் ஆஷி ஏரியில் பாஸ் மீனை விட்டார்கள். அது நாடு முழுதும் பரவி உள்நாட்டு மீன்களைத் தின்று குறைத்தது. 2005-ல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் மூலம் அதை வளர்ப்பதையும் உயிரோடு கொண்டு செல்வதையும் தடை செய்ய வேண்டியதாயிற்று. சொந்த ஊரில் குட்டையைக் காக்கும் அதே மீன், வேற்று நாட்டில் கொள்ளைக்காரனாகிவிட்டது.

ஆப்பிரிக்கக் கெளுத்தியால் நாம் பட்டது போதும். எவ்வளவு அழகாகச் சொன்னாலும் அயல்நாட்டு மீன் குஞ்சை அரசின் அனுமதியின்றி வாங்கிக் குட்டையில் விடக்கூடாது. வெள்ளத்தில் கரை உடைந்தால் அது ஏரிக்கும் ஆற்றுக்கும் போய்விடும். பிறகு திரும்பப் பிடிக்க முடியாது. பூச்சி கட்டும் கலையை வேண்டுமானால் கற்றுக்கொள்ளலாம். அதற்கு ஒரு முள்ளும், நூலும், வீட்டுச் சேவல் உதிர்த்த இறகும் போதும்.