சொரிமுத்து அய்யனாரைக் காணப் போகுமுன்

ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் மலையேறிச் சொரிமுத்து அய்யனாரைக் கும்பிடப் போகிறவர்களில் பலர், கோயிலுக்குப் போவதாக மட்டுமே நினைக்கிறார்கள். அவர்கள் காலடி வைப்பது தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமான களக்காடு முண்டந்துறைக்குள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சரணாலயத்துக்குள் குப்பை போடுவதும் விலங்குகளைச் சீண்டுவதும் தீ வைப்பதும் குற்றம். "தலைமுறை தலைமுறையாகக் குடில் போட்டுத் தங்கிப் பொங்கலிட்டோம், இப்போது மட்டும் தங்குவதற்கும் வண்டியில் வருவதற்கும் எதற்கு இந்தக் கெடுபிடி?" என்று கேட்பவர்களின் மனவருத்தம் நியாயமானதே. அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு அவர்களுக்கு வழிபாட்டுரிமையைத் தருகிறது; ஆனால் பொது ஒழுங்குக்கும் சுகாதாரத்துக்கும் உட்பட்டே தருகிறது. அன்று மாட்டுவண்டியில் வந்தவர்கள் விட்டுச்சென்ற ஓலையும் இலையும் மண்ணோடு மக்கின. இன்று பாலிதீன் பையும், பரிகாரம் என்று ஆற்றில் விடும் துணியும் தாமிரபரணியில் தங்கிவிடுகின்றன. நெல்லையும் தூத்துக்குடியும் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். உப்புச்சுவை ஒட்டிய பிளாஸ்டிக்கை மிளா மான் தின்றால் அது செரிக்காமல் வயிற்றில் அடைத்துக்கொள்ளும்.

"காட்டுக்குள் அணை கட்டலாம், மின்நிலையம் வைக்கலாம், ஏழை பக்தன் மட்டும் ஒதுங்க வேண்டுமா?" என்ற கேள்வியும் எழுகிறது. இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கட்டுப்பாடு விதிக்கும் அரசுக்குக் கடமையும் உண்டு என்பதுதான் இதற்குச் சரியான பதில். தனியார் வாகனங்களைத் தடுத்தால் போதிய பேருந்து வேண்டும். தங்கத் தடை என்றால் கழிப்பறையும் குடிநீரும் முதியோருக்கு நிழலும் வேண்டும். இவை இல்லையென்றால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம். எந்த ஏற்பாட்டுக்கு எவ்வளவு செலவானது என்று 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பொதுவாக 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். சோதனைச் சாவடி ஊழியரோடு வாய்ச்சண்டை போடுவதைவிட எழுத்தில் கேட்ட கேள்விக்கு வலு அதிகம்.

ஆபத்துகளையும் மறைக்கக் கூடாது. ஆடி மாதம் தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். கீழே வெயில் அடித்தாலும் மேலே பெய்த மழை ஆற்றைச் சட்டென்று பெருக்கிவிடும். எச்சரிக்கை கேட்டவுடன் குழந்தைகளோடு கரையேறிவிட வேண்டும். மிச்சச் சோற்றைத் தேடிக் குரங்கும் காட்டுப்பன்றியும் வரும், அவற்றைத் தேடிச் சிறுத்தையும் வரலாம். சாப்பாட்டை வெளியே கொட்டாதீர்கள். பாம்பு கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். மலையில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு. அங்கே விழாப் பணியில் நிற்கும் வனத்துறையினரிடமோ காவலரிடமோ ஓடுங்கள். வனவிலங்கு தாக்கிக் காயமோ உயிரிழப்போ நேர்ந்தால் அரசின் நிவாரணத்துக்கு வழியுண்டு. உடனே வனச்சரக அலுவலகத்தில் எழுத்துமூலம் தெரிவித்து, மருத்துவச் சான்றுகளைப் பத்திரப்படுத்துங்கள்.