பவுண் காசும் டொலர் காசும்: விற்க முன் ஒரு கணக்கு



போன மாதம் ஒரு தாய் முந்தானையில் முடிந்து கொண்டுவந்த காசொன்றை எங்கள் மேசையில் வைத்தா. வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொடுத்த ஒரு டொலர் காசு. "பளபளன்னு இருக்குங்க ஐயா. தராசுல போட்டா சரியா ஒரு பவுண் நிக்குது. கடைக்காரரு வேணாங்கிறாரு. ஏமாத்துறாரா?" என்று கேட்டா. மகளின் தாலிக்கென்று நம்பி வைத்திருந்த காசு அது.

கடைக்காரர் ஏமாற்றவில்லை. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு தொடக்கம் அச்சடிக்கும் தங்க நிற ஒரு டொலரில் தங்கம் துளியும் இல்லை. செம்பின் மேல் பித்தளைப் பூச்சு. நிறை 8.1 கிராம். பவுணும் 8 கிராம் என்றபடியால் தராசு ஆளை ஏய்த்துப் போடும். பருமனைப் பாருங்கள். தங்கம் பாரமான உலோகம். அதே நிறைக்கு உண்மையான பவுண் காசு சின்னனாக, 22 மில்லிமீற்றர் அகலத்தில் இருக்கும். டொலரோ 26.5 மில்லிமீற்றர், தடிப்பும் கூட. கனடா ஒரு டொலரும் தங்க நிறம்தான். அதைக் காந்தம் இழுக்கும், தங்கத்தை இழுக்காது. காந்தம் இழுக்காததெல்லாம் தங்கம் என்றும் எண்ண வேண்டாம், பித்தளையையும் இழுக்காது.

பழைய அமெரிக்கக் காசு வேறு கதை. 1933க்கு முந்திய 20 டொலர் தங்கக் காசு 33.4 கிராம், நூற்றுக்குத் தொண்ணூறு தங்கம். அதிலுள்ள தங்கம் நாலு பவுண் காசுக்கும் கொஞ்சம் மேலே. 1878க்கும் 1935க்கும் இடையில் வந்த பெரிய ஒரு டொலர் வெள்ளி, நிறை 26.7 கிராம். இவை எங்கள் பக்கம் வருவது மிக அருமை.

எங்கள் வீடுகளில் இருப்பது இங்கிலாந்துப் பவுண் காசு. பவுண் என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிக்கு வந்த குடும்பங்களில், தாலிக்கொடியில் கோத்த காசைத் தவிர வேறு சொத்தில்லாமல் வந்தவர்களும் உண்டு. விக்டோரியா இராணி அல்லது ஜோர்ஜ் மன்னர் தலை, மறுபக்கம் பெரும்பாலும் குதிரை வீரன். நிறை 7.99 கிராம், 22 கரட், சுத்தத் தங்கம் 7.32 கிராம். பத்தர் அச்சுப் போட்டுச் செய்த காசும் உண்டு. அதுவும் தங்கமாக இருக்கலாம், ஆனால் மாற்றுக் குறையும். உரைத்துப் பார்த்தால் தெரியும்.

கணக்கு லேசு. நிறையைக் கரட்டால் பெருக்கி 24ஆல் பிரியுங்கள். 12 கிராம், 22 கரட் காப்பென்றால் சுத்தத் தங்கம் 11 கிராம். அதை அன்றைய 24 கரட் கிராம் விலையால் பெருக்குங்கள். அவுன்ஸ் விலைதான் தெரியுமென்றால் 31.1ஆல் பிரித்தால் கிராம் விலை. பழைய நகைக்குள் அரக்கு, கல், பற்றாசு இருந்தால் அதைக் கழிப்பார்கள், அது நியாயம். வாங்கும்போது கொடுத்த செய்கூலி, சேதாரம் திரும்பி வராது. அடைவு வைத்தால் வங்கி தருவது பெறுமதியில் ஒரு பங்குதான். எதற்கும் நிறையை எழுதிய துண்டை வாங்குங்கள், இரண்டு கடையில் கேளுங்கள்.

அந்தத் தாயின் கழுத்தில் அழுக்கேறிய காசொன்று கிடந்தது. "இது கெழவி காலத்துதுங்க" என்றா. ஜோர்ஜ் மன்னர் தலை, 22 மில்லிமீற்றர். அதை எங்கும் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம்.