ஒரு லட்சமும் நாற்பது காசும்

கேமரன் மலையில் தோட்டத்துக் கோயில் திருவிழா என்றால் விடியுமுன்னே ஒலிபெருக்கி கட்டிவிடுவார்கள். பனி விலகாத தேயிலைச் சரிவுகளுக்கு மேலே, சீர்காழிக்கும் டி.எம்.எஸ்ஸுக்கும் நடுவில் கணீரென்று ஒரு பெண்குரல் எழும். மைக் இல்லாவிட்டாலும் அடுத்த மலை வரை கேட்டுவிடும் போன்ற குரல். இளைய தலைமுறையைக் கேட்டால், "திருவிளையாடல் படத்து ஔவையார் பாட்டி" என்பார்கள்.

அந்த 'ஔவையார் பாட்டி' ஒரு காலத்தில் தமிழ்த் திரையுலகையே வாய்பிளக்க வைத்த சம்பளம் வாங்கியவர் என்பது பலருக்குத் தெரியாது. கே.பி.சுந்தராம்பாள் பக்திக்காகவும் குரலுக்காகவும் நிறையப் பேசப்பட்டுவிட்டார். நான் இங்கே பேச நினைப்பது அவருடைய காசைப் பற்றி. அது எப்படி வந்தது, யார் கையில் இருந்தது என்பதைப் பற்றி.

ரயிலில் பாடிய சிறுமி

ஈரோட்டுக்கு அருகே காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் 1908இல் பிறந்தவர் சுந்தராம்பாள். தாயார் பெயர் பாலாம்பாள். கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் என்பதுதான் கே.பி.எஸ். ஆயிற்று. வறுமையான குடும்பம். ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமி அவர். நாடக ஆர்வம் கொண்ட ரயில்வே அதிகாரி எஃப்.ஜி.நடேச ஐயரின் காதில் அந்தக் குரல் விழுந்ததுதான் திருப்பம் என்று சொல்வார்கள். அங்கிருந்து பி.எஸ்.வேலு நாயரின் நாடகக் குழு. முதலில் சிறுவன் வேடங்கள், பிறகு நாயகி வேடங்கள்.

அன்றைய நாடகமேடையில் நடிப்பைவிடக் குரல்தான் மூலதனம். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்க வேண்டும். கேட்டால் அடுத்த ஊரில் அழைப்பு வரும். கடல் தாண்டி இலங்கைக்கும் குழுக்கள் போயின. 1926இல் கொழும்பில்தான் சுந்தராம்பாளும் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவும் மேடையில் இணைந்தார்கள். கிட்டப்பாவின் குரலுக்கு ஈடுகொடுக்க முடியாது என்று பலர் பயமுறுத்தியும் துணிந்து நின்றார் சுந்தராம்பாள். மேடை ஜோடி 1927இல் வாழ்க்கை ஜோடி ஆனது. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தார். பிறந்த குழந்தையும் தங்கவில்லை. கணவருடன் பிணக்கும் பிரிவும் வந்தன. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

அன்றுமுதல் வெள்ளைக் கதர்ச் சேலை. இனி எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற சபதம். நாயகி வேடத்தால் வாழ்ந்த ஒரு பெண் இப்படிச் சொன்னால் தொழில் முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

'ஒரு லட்சம் கொடுங்கள்'

பேசும்படம் வந்து சில வருடங்களே ஆகியிருந்தன. ஹசன்தாஸ் என்ற தயாரிப்பாளர் 'நந்தனார்' எடுக்க நினைத்து அவரைத் தேடி வந்தார். நடிக்க விருப்பமில்லாத சுந்தராம்பாள், கேட்டதும் ஓடிவிடட்டும் என்றுதான் ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்பது கதை. வந்தவர் ஓடவில்லை, ஒப்புக்கொண்டார். 1935இல் 'பக்த நந்தனார்' வெளிவந்தது. நந்தனாராக, ஆண் வேடத்தில் சுந்தராம்பாள். வேதியராக சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். ஆணுக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்ற சபதமும் காப்பாற்றப்பட்டது.

ஒரு லட்சம் என்றால் எவ்வளவு? நம்மூர்க் கணக்கில் பார்ப்போம். கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கியது. பாரத் தோட்டம் 1933இல். காடு வெட்டிக் கன்று நட்ட காலம் அது. அந்த 1930களில் மலாயாத் தோட்டங்களில் ஆணுக்கு 50 காசு நாட்கூலி என்றால் பெண்ணுக்கு 40 காசு. அப்போது ஒரு மலாயா வெள்ளி ஏறத்தாழ ஒன்றரை ரூபாய். அந்தக் கணக்கில் ஒரு லட்சம் ரூபாய் என்பது சுமார் 64 ஆயிரம் வெள்ளி. நாளுக்கு 40 காசு வாங்கும் ஒரு பெண் தீபாவளி, பொங்கல், காய்ச்சல், பிரசவம் என்று ஒரு நாள்கூட விடாமல் வேலை செய்தால் அந்தத் தொகையைச் சம்பாதிக்க 440 வருடம் ஆகும்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு முதலில் மலைப்புதான் வந்தது. பிறகு வேறொன்று தோன்றியது. பெண்ணின் உழைப்புக்கு ஆணின் உழைப்பில் ஐந்தில் நான்கு பங்குதான் விலை என்று சட்டம்போல் எழுதிவைத்திருந்த காலத்தில், ஒரு பெண் தன் விலையைத் தானே சொன்னார். அது கிடைத்தது.

படம் ஓஹோவென்று கொண்டாடப்படவில்லை. படத்தில் நன்றாக நடித்தவை பனைமரமும் எருமையும் ஆட்டுக்குட்டியும்தான் என்ற பொருளில் ஆனந்த விகடனில் கல்கி கிண்டலாக எழுதினார். அந்த விமர்சனம் இன்றும் பேசப்படுகிறது. ஆனால் பேசிய சம்பளம் பேசிய சம்பளம்தான்.

இழந்தவர்களின் கதை

சுந்தராம்பாளை மட்டும் பார்த்தால் இந்தக் கதை முழுமை பெறாது. நாடகமேடையிலிருந்து வந்த இன்னொருவர் டி.பி.ராஜலட்சுமி. திருவையாற்றில் பிறந்து, சிறு வயதிலேயே மணமாகி, அந்த மணம் நிலைக்காமல் மேடைக்கு வந்தவர். 1931இல் வெளியான தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' படத்தின் நாயகி. அதோடு நிற்கவில்லை. 1936இல் 'மிஸ் கமலா' படத்தை எழுதி, தயாரித்து, இயக்கி, நடித்தார். தமிழில் படம் இயக்கிய முதல் பெண் அவர். சென்னையில் 'ராஜமகால்' என்று பெரிய வீடு. படத் தயாரிப்பில் விழுந்த அடியில் சொத்து கரைந்தது. 1964இல் மறைந்தபோது பழைய செல்வம் அவரிடம் இல்லை.

'நடிகையர் திலகம்' படத்தை 2018இல் பார்த்தவர்களுக்கு சாவித்திரியின் கதை தெரியும். அவரும் சிறு வயதில் மேடை ஏறியவர்தான். தானே தயாரித்து இயக்கிய 'பிராப்தம்' 1971இல் வந்து தோற்றது. வீடும் நகையும் போயின. 1981இல், நினைவிழந்து பல மாதம் கிடந்த பிறகு மறைந்தார்.

இவர்களை ஏமாளிகள் என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. ராஜலட்சுமி பணத்தைப் பணயம் வைக்காமல் பெட்டியில் பூட்டியிருந்தால், முதல் தமிழ்ப் பெண் இயக்குநர் என்ற வரலாறு இன்னும் எத்தனை காலம் காத்திருந்திருக்குமோ! அவரும் தன் காசைத் தன் விருப்பப்படிதான் செலவழித்தார். வித்தியாசம், படம் தோற்றால் நட்டம் யார் தலையில் என்பதில் இருக்கிறது. சுந்தராம்பாள் சம்பளம் வாங்கிக்கொண்டு நடித்தார். மற்ற இருவரும் முதலாளிகளாகவும் ஆனார்கள். முதலாளிக்கு விழும் அடி, சம்பளக்காரருக்கு விழுவதில்லை.

அந்தச் சம்பளத்துக்கும் ஒரு விலை இருந்தது. 1935க்கும் 1953க்கும் இடையில் சுந்தராம்பாள் நடித்துப் பெயர் பெற்ற படங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். நந்தனார், மணிமேகலை, ஔவையார் என எல்லாமே கணவனோ காதலனோ தேவைப்படாத வேடங்கள். பின்னாளில் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகளும் அப்படித்தான். துக்கம் அவருடைய வழியைக் குறுக்கியது. ஆனால் அந்தக் குறுகிய வழியில் அவருக்குப் போட்டியாக வர யாருமில்லை. 'ஔவையார்' எடுக்க நினைத்த ஜெமினி வாசனுக்கு வேறு யார் வீட்டுக் கதவைத் தட்டியிருக்க முடியும்?

தட்டும் சேர்த்துத்தான்

சம்பாதித்ததை அவர் என்ன செய்தார்? சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரஸ் மேடைகளில் பாடினார். கொடுமுடி வீட்டுக்கு வந்த காந்தியடிகளுக்குத் தங்கத் தட்டில் உணவு பரிமாறினார் என்றும், உணவு மட்டும்தானா, தட்டு இல்லையா என்று காந்தி கேட்டதும் அதையும் கொடுத்துவிட்டார் என்றும், காந்தி அதை அங்கேயே ஏலம் விட்டார் என்றும் சொல்வார்கள். 1951இல் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினர் ஆனார். 1969இல் சொந்த ஊரான கொடுமுடியில் தன் பெயரிலேயே கே.பி.எஸ். திரையரங்கைக் கட்டினார். திறந்துவைத்தவர் அன்றைய முதல்வர் கருணாநிதி. காங்கிரஸ்காரரின் அரங்கைத் திறக்க தி.மு.க. முதல்வர் வந்தார் என்பதிலேயே அவருக்கு இருந்த மரியாதை தெரியும். 'துணைவன்' படப் பாடலுக்குத் தேசிய விருது, 1970இல் பத்மஸ்ரீ. 1980இல் அவர் மறைந்தார்.

ரயிலில் பாடிய சிறுமி அதே ஊரில் ஒரு திரையரங்குக்குச் சொந்தக்காரர் ஆனார். எனக்கு அந்த ஒரு லட்சத்தைவிட இந்தக் கட்டடம்தான் பெரிதாகப் படுகிறது.

யார் பெயரில் இருக்கிறது?

என் பாட்டி கேமரன் மலையில் கொழுந்து பறித்தவர். சம்பள நாளில் ஆபீசில் கைநாட்டு வைத்துக் காசு வாங்குவது பாட்டி. லயத்து வாசலைத் தாண்டும்போது அது தாத்தாவின் சட்டைப்பையில் இருக்கும். அன்று பல வீடுகளில் அதுதான் வழக்கம், யாரும் அதைத் தவறாகப் பேசியதில்லை. ஒன்றே ஒன்று மட்டும் தாத்தாவின் பைக்குப் போகவில்லை. அது ஊழியர் சேமநிதி. சுந்தராம்பாள் மேலவைக்குப் போன அதே 1951இல் மலாயாவில் தொடங்கிய திட்டம். அது உறுப்பினர் பெயரில்தான் இருக்கும், உறுப்பினர்தான் எடுக்க முடியும். 55 வயதில் அந்தப் பணம் கைக்கு வந்தபோது பாட்டி யாரையும் கேட்கவில்லை. தாப்பாவில் ஒரு மலிவு விலை வீட்டுக்கு முன்பணம் கட்டினார். வேலை முடிந்தால் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது தோட்டத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

இன்று அந்தச் சரிவுகளில் கொழுந்து வெட்டுபவர்களில் பெரும்பாலோர் வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள். கூடையும் விரலும் போய்க் கத்திரியும் இயந்திரமும் வந்துவிட்டன. நம் பிள்ளைகள் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் கணினி முன்னால் இருக்கிறார்கள். ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்ற எழுத்தும் இல்லை. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி இருவருக்கும் ஒன்றுதான். ஆனாலும் நன்றாகப் படித்து, நல்ல வேலையில் இருக்கும் பெண்களிடம் "வீடு யார் பெயரில்? கார் கடன் யார் பெயரில்? சம்பளம் விழும் கணக்கின் அட்டை யார் கையில்?" என்று கேட்டுப் பாருங்கள். சிலர் பதில் சொல்லுமுன் கொஞ்சம் யோசிப்பார்கள்.

சுந்தராம்பாளின் குரல் நமக்கு வராது. ஒரு லட்சத்துக்குச் சமமான சம்பளமும் எல்லாருக்கும் வராது. ஆனால் தன் உழைப்புக்கு விலையைத் தானே சொல்வதும், வந்த காசு தன் பெயரில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும், அதை எதில் போடுவது என்று தானே முடிவு செய்வதும் குரல்வளம் கேட்பவை அல்ல. கோயில் ஒலிபெருக்கியில் அடுத்த முறை அந்தக் கணீர்க் குரலைக் கேட்கும்போது பக்தியோடு இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மகளோ மருமகளோ பக்கத்தில் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்.