கடவுள் கமிஷன் போட்ட கதை: சுனிதி நாம்ஜோஷி

என் பெண்ணுக்கு எட்டு வயசு இருக்கும்போது வாங்கிய அதிதி புத்தகங்கள் அடையாறு வீட்டு அலமாரியில் இன்னும் இருக்கின்றன. நம்ம சென்னை தூலிகா பதிப்பகம் போட்டவை. அதிதி என்ற சின்னப் பெண், ஒற்றைக்கண் குரங்கு, சைரில் என்கிற எறும்பு, பியூட்டிஃபுல் என்று பெயர் கொண்ட யானை. நாலு பேருமாக டிராகனை அடக்கக் கிளம்புவார்கள். எறும்பு பேசுவதைப் பற்றி கதையில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். அணிலுக்கு முதுகில் கோடு போட்ட ஊரில் வளர்ந்தவர்களுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லைதான்.

பிடித்த எழுத்தாளரைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும் என்று ஒருநாள் வந்து நின்றாள். "இவங்க யாருப்பா?" தேடிப் படித்துவிட்டு, "ஐ.ஏ.எஸ். ஆபீசரா இருந்தவங்கம்மா, வேலைய விட்டுட்டு எழுத வந்துட்டாங்க" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். அதற்கு அடுத்த வரி, அவர் தன்பாலீர்ப்பாளர், ஜில்லியன் ஹான்ஸ்கோம் என்ற பெண் கவிஞரோடு இங்கிலாந்தில் வாழ்கிறார் என்பது. அதைச் சொல்லவில்லை. வகுப்பில் அவள் நன்றாகப் பேசினாளாம்.

எனக்குத்தான் அந்த விட்டுப்போன வரி உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் குழந்தைகளுக்காக எழுதாத புத்தகங்களையும் தேட ஆரம்பித்தேன். இந்தப் பதிவு அந்தக் குறிப்புகளிலிருந்து.

சுனிதி நாம்ஜோஷி 1941-ல் பம்பாயில் பிறந்தவர். அம்மா வழியில் பல்டன் சமஸ்தானக் குடும்பம். அப்பா விமானங்களைச் சோதித்துப் பார்க்கும் பைலட்; 1953-ல் விமான விபத்தில் இறந்துபோனார். பள்ளிப் படிப்பின் ஒரு பகுதி மதனப்பள்ளி பக்கத்து ரிஷிவேலியில். அங்கே வருஷா வருஷம் வந்து பேசிய ஜே.கிருஷ்ணமூர்த்தி, 1909-ல் நம் அடையாறு கடற்கரையில் லெட்பீட்டர் கண்ணில் பட்ட அதே பையன்தான். (எங்கே சுற்றினாலும் எங்கள் ஏரியாவுக்கு வந்துவிடும்!) 1960-களில் ஐ.ஏ.எஸ். அப்புறம் ராஜினாமா, கனடாவில் எஸ்ரா பவுண்ட் பற்றி முனைவர் பட்டம், டொரொன்டோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலை. நம் வீடுகளில் ஐ.ஏ.எஸ்.ஸை விட்டுவிட்டு ஒருத்தர் கவிதை எழுதப் போனால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மற்ற விஷயமெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஒரு வருட விடுப்பில் இங்கிலாந்து போனவர் அங்கே பெண்ணிய இயக்கத்தோடு நெருக்கமானார். 1981-ல் லண்டனில் 'ஃபெமினிஸ்ட் ஃபேபிள்ஸ்' வந்தது. முக்கால்வாசிக் கதைகள் ஒரு பக்கம், அதிகம் போனால் ஒன்றரை. பஞ்சதந்திரம், ஈசாப், கிரேக்கப் புராணம் எல்லாவற்றையும் எடுத்து ஒரு திருப்பு திருப்புகிறார்.

அதில் ஒன்றை என் வார்த்தையில் சொல்கிறேன். காசியில் ஓர் ஏழைப் பிராமணன் பிள்ளை வரம் கேட்கிறான். விஷ்ணு என்ன நினைப்பில் இருந்தாரோ, பெண்ணைக் கொடுத்துவிடுகிறார். சரி போகட்டும் என்று பெண்ணுக்குப் படிப்பு சொல்லித்தருகிறான். அவளும் கடகடவென்று கற்றுக்கொள்கிறாள். இரண்டு பேரும் தவத்தில் உட்கார, கடவுள் வருகிறார். அப்பனுக்கு அப்பவும் மகன்தான் வேண்டும். ஆகட்டும், அடுத்த பிறவியில் என்று வரம். அடுத்த பிறவியில் அவனே பெண்ணாகப் பிறந்து எட்டுப் பையன்களைப் பெறுகிறான். மகளிடம் கேட்டால், மனுஷ அந்தஸ்து வேண்டும் என்கிறாள். அது ரொம்பச் சிக்கலான கோரிக்கையாயிற்றே என்று இழுத்த கடவுள், ஒரு கமிஷன் போட்டுவிடுகிறார். கதை முடிந்தது.

முதல் தடவை படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது, இதை எழுதியவர் கோப்பு பார்த்த அதிகாரி. "முடியாது" என்று எந்த அரசாங்கமும் எழுத்தில் தராது, பரிசீலனையில் இருக்கிறது என்றுதான் தரும் என்பதை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர். அவருடைய கடவுளுக்குக் கோபமே வருவதில்லை, சபிப்பதும் இல்லை. ஒரு துறைச் செயலாளர் மாதிரி பணிவாக நழுவுகிறார்.

இப்போது 2023 அக்டோபர் 17-க்கு வாருங்கள். தன்பாலினத் திருமண வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த நாள். திருமண உரிமை கிடைக்கவில்லை. இந்த ஜோடிகளுக்கு என்னென்ன சலுகைகள் தரலாம் என்று பார்க்க அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் குழு அமைக்கப்படும் என்று மத்திய அரசு சொன்னதை நீதிமன்றம் பதிவு செய்துகொண்டது. 2024 ஏப்ரலில் குழுவும் வந்தது. கதை எழுதி 42 வருஷம் கழித்து, அட்சரம் பிசகாமல்! ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் நியாயமில்லை. ஒரே ரேஷன் கார்டில் சேரலாம், கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கலாம் என்று அந்த வருஷமே விளக்கங்கள் வந்தன. மனுஷ அந்தஸ்து கேட்டவளுக்கு முதல் தவணையாக ரேஷன் கார்டு. நாம்ஜோஷியே எழுதியிருந்தால்கூட இதைவிட நன்றாக முடித்திருக்க முடியுமா தெரியவில்லை.

நம்ம ஊரில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்கள் பெற்றோர் கொடுத்த போலீஸ் புகாரிலிருந்து பாதுகாப்பு கேட்ட வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இந்த விஷயம் சரியாகப் பிடிபடவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்புறம்தான் 2021 ஜூனில் உத்தரவு எழுதினார். கமிஷன் போடுவதைவிட இது சிக்கனமான வழி.

நாம்ஜோஷி எதிர்த்தரப்பை மட்டும் கிண்டல் செய்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 1985-ல் வந்த 'தி கான்வர்சேஷன்ஸ் ஆஃப் கௌ' நாவலில் நாயகி பெயரே சுனிதி. ஆண் வாடையே வேண்டாம் என்று ஒதுங்கி வாழ நினைப்பவள். அவள் மண்டிபோட்டு வேண்ட, எதிரில் வந்து நிற்பது பத்ராவதி என்ற பசு. அதுவும் தன்பாலீர்ப்புப் பசு, குலமும் பிராமணக் குலம். அந்தப் பசு நினைத்தபோது உருவம் மாறும், ஆணாகக்கூட மாறும். சுனிதியின் கொள்கையெல்லாம் அங்கேதான் ஆட்டம் காண்கிறது. உலகத்தில் இருப்பது ஏ வகுப்பு மனிதர்கள், பி வகுப்பு மனிதர்கள் என்று அதில் ஒரு கணக்கு வரும். ஏ வகுப்பு நன்றாகப் பரப்பிக்கொண்டு உட்காரும். பி வகுப்பு லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு, இடத்தை அடைக்காமல் ஒடுங்கிக்கொள்ளும். அதைப் படித்த வாரம் 29சி பஸ்ஸில் என் முழங்கால்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தேன். பக்கத்து சீட்டு வரைக்கும் போயிருந்தன.

எழுத்தை அவர் நிறுத்தவே இல்லை. செத்துப்போன தன் பூனையோடு பேசுகிற 'சுகி', அப்புறம் ஈசாப்பைப் பற்றி ஒன்று, 2022-ல், எண்பது தாண்டிய பிறகு, 'டேஞ்சரஸ் பர்சூட்ஸ்'.

என் பெண்ணுக்கு இப்போது பதினாலு. நான் மேஜையில் வைத்திருந்த நீதிக்கதைப் புத்தகத்தை எடுத்துப் படித்திருக்கிறாள். பின்னட்டையையும் சேர்த்து.

"இத ஏன்ப்பா அப்ப எனக்குச் சொல்லல?"

"யோசிச்சு சொல்றேம்மா."

"கமிஷன் போடறீங்களா?"

உட்காரச் சொல்லி, வகுப்பில் யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்துதான் சொல்லவில்லை என்றேன். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அரைமணி நேரம் பேசினாள். பேசி முடித்துப் புத்தகத்தைத் தன் அறைக்குக் கொண்டுபோனாள். இன்னும் திரும்பி வரவில்லை.