பழைய பைக்குக்கு ஹெட் வாங்குகிறீர்களா? முதலில் பில் கேளுங்கள்

பழைய பிரிட்டிஷ் பைக்கில் டேங்க் நசுங்கினால் தட்டி எடுக்கலாம், சீட் கிழிந்தால் தைக்கலாம். சிலிண்டர் ஹெட் விரிசல் விட்டால்தான் திண்டாட்டம், ஏனென்றால் அதை வார்த்த ஆலைகளே இன்று இல்லை. பி.எஸ்.ஏ. 1970களின் தொடக்கத்தில் நொடித்துப்போனது. டிரையம்ஃபின் மெரிடன் ஆலை 1983இல் மூடப்பட்டது. புல்லட்டின் கதை மட்டும் வேறு. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து வண்டியான அது, 1955இல் சென்னைக்கு வந்து திருவொற்றியூர்க்காரனாகவே ஆகிவிட்டது. அதற்கு ஹெட் நம்மூரில் தேடினால் கிடைக்கும். மற்ற வண்டிக்காரர்கள் பழைய உதிரிபாகக் கடைகளையும் பிரிட்டனிலிருந்து வரும் பார்சலையும்தான் நம்ப வேண்டும். இந்தத் தட்டுப்பாட்டை வைத்துத்தான் ஏமாற்றுகிறவர்கள் பிழைக்கிறார்கள்.

மணல் பிளாஸ்டிங் அடித்துப் பளிச்சென்று வைத்திருக்கும் பழைய அலுமினிய ஹெட்டைக் கண்டால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். அந்தப் பளபளப்பு வெல்டிங் தடத்தை மறைத்துவிடும். எண்ணெய் வழியில் தங்கிய மணல் பிறகு இன்ஜினையே அரிக்கும். எனவே ஸ்பார்க் பிளக் துளைக்கும் வால்வு சீட்டுக்கும் இடைப்பட்ட இடத்தைப் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, மேலே வெள்ளை டெவலப்பர் தெளித்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசலும் கோடாக வெளிப்படும். பிளக் மரை தேய்ந்திருந்தால் புது மரைச் சுருள் போட்டுச் சரிசெய்யலாம். அது குறையல்ல, ஆனால் விற்கிறவர் சொல்லியிருக்க வேண்டும். அடிப்பக்கம் எத்தனை முறை சீவப்பட்டது என்றும் கேளுங்கள். சீவச் சீவக் கம்ப்ரஷன் ஏறும், புஷ்ராடின் நீளமும் ஒத்துவராமல் போகும். மாடல் பெயரை மட்டும் நம்பவும் கூடாது. டிரையம்ஃப் 650இன் ஹெட்டுக்கு 1963 முதல் ஒன்பது போல்ட். அதற்கு முந்தையதற்கு எட்டுதான். ஒன்று மற்றதில் உட்காராது.

பட்டறையில் நடக்கும் சேதமும் குறைந்ததல்ல. வால்வு கைடை மாற்ற அலுமினிய ஹெட்டை முதலில் சீராகச் சூடாக்க வேண்டும். சூடாக்காமல் சுத்தியலால் இறக்கினால் துளை கிழிந்துவிடும். அப்புறம் அதே அளவுக் கைடு போட்டால் நிற்காது.

பெட்ரோல் விஷயத்திலும் காசு பறிபோகிறது. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000ஆம் ஆண்டோடு போனது. சீட்டை இரும்பிலேயே கடைந்திருக்கும் வார்ப்பிரும்பு ஹெட்டுகளில், ஈயம் இல்லாததால் வால்வு மெல்ல உள்ளே அமிழும், டேப்பெட் இடைவெளி அடிக்கடி குறையும். அதற்குக் கடினமான சீட் பதிப்பது நியாயமான வேலை. அலுமினிய ஹெட்டில் தனிச் சீட் ஏற்கெனவே பதிந்திருக்கிறது. சீட் நன்றாக இருக்கும்போதே “அன்லெடட் பெட்ரோலுக்கு மாற்றியே ஆக வேண்டும்” என்று யாராவது சொன்னால், காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய கார்புரேட்டரில் கலவையை மெலிதாக்கி ஹெட்டைச் சூடேற்றும். பெரும்பாலும் ஜெட் அளவைக் கூட்டினாலே போதும்.

இனி சட்டம். “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று பில்லில் அச்சடித்திருந்தாலும், குறையுள்ள பொருளைப் பொறுத்தவரை அது செல்லாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள்ளும், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள்ளும் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படியே. பட்டறைக்காரரின் தவறான வேலை சேவைக் குறைபாடாகும். வியாபாரியல்லாத தனியாளிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது. மறுவிற்பனைக்காக வாங்கினாலும் நீங்கள் நுகர்வோர் அல்ல. பிரிட்டனில் வாழ்ந்து அங்குள்ள கடையில் வாங்குகிற தமிழர்களுக்கு, அந்நாட்டு 2015 நுகர்வோர் சட்டப்படி குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணமும் கேட்கும் உரிமை உண்டு.

வழக்கு நிற்பதும் விழுவதும் வண்டியில் மாட்டுவதற்கு முன் நீங்கள் செய்வதைப் பொறுத்தது. மாட்டிய பிறகு “நீங்கள்தான் உடைத்தீர்கள்” என்று கடைக்காரர் சொன்னால் மறுப்பது கடினம். பிரித்த உடனே எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். எந்த மாடலுக்கு, அசலா நகலா, வெல்டிங் செய்ததா என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். குறை தெரிந்தால் இன்னொரு லேத் பட்டறையில் எழுத்துப்பூர்வமாக அறிக்கை பெறுங்கள். அதுவரை எதையும் கழற்றவோ தேய்க்கவோ வேண்டாம்.

பில் கேட்க இன்னொரு காரணமும் உண்டு. இன்ஜின் எண் கிராங்க்கேஸில்தான் இருக்கும், ஹெட்டில் இருக்காது. திருட்டு வண்டியின் ஹெட் தனியாக விற்பனைக்கு வந்தால் அதை அடையாளம் காண வழியில்லை. திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கினால் வாங்கியவரும் குற்றவாளியாவார்.

கடைக்காரர் மசியாவிட்டால் எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் குறை ஏற்பட்ட இரண்டு ஆண்டுகளுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.